எலும்பு மருந்தை நிறுத்துமுன் எண்ண வேண்டியவை

முதுமையில் இறைவனிடம் நாம் வேண்டுவது பெரும்பாலும் ஒன்றுதான். பிறர் கையைப் பற்றாமல் நடந்து சென்று சந்நிதியில் நிற்கும் வலிமை கடைசிவரை வேண்டும் என்பதே அது. அந்த வலிமையை ஓசையின்றிக் கவர்ந்து செல்லும் நோய்களுள் ஒன்று எலும்புப்புரை. இதனைப் பலர் எலும்புத் தேய்மானம் என்பர். ஆயினும் முழங்காலில் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. மூட்டுத் தேய்ந்தால் வலி உண்டாகும். எலும்பு உள்ளே அடர்த்தி குறைந்தால் வலி தெரிவதில்லை. கால் இடறி விழுந்து மணிக்கட்டோ இடுப்போ முறிந்த பின்னரே பலருக்கு நோய் இருந்தது தெரியவருகிறது.

இந்நோய்க்கு மருந்து உண்டு. ஆனால் நோய் வலிப்பதில்லை. மருந்தோ சிலருக்கு உபத்திரவம் தருகிறது. எனவே மருந்தை விட்டதும் உடல் நலம் பெற்றதாகவே தோன்றும். மருத்துவரிடம் ஒரு சொல்லும் கூறாமல் பலர் மருந்தை நிறுத்திவிடுவதற்கு இத்தோற்றமே காரணம். நிறுத்தக்கூடாது என்று வற்புறுத்துவது நம் நோக்கமன்று. எதனால் துன்பம் வந்தது, அதற்கு மாற்று என்ன என்று அறிந்த பின் முடிவு செய்ய வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

ஏற்காட்டு மலையில், காபித் தோட்டங்களும் தேக்குமரக் காடும் சூழ்ந்த கொட்டச்சேட்டில் வாழும் ஒரு பாட்டியை மனத்தில் கொள்வோம். வாரம் ஒருமுறை உண்ணுமாறு அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை அவருக்குத் தரப்பட்டிருக்கிறது. மலைக் குளிரில் கண் விழித்ததும் சூடான காபி அருந்துவது அவ்வூர் வழக்கம். பாட்டியும் காபியுடன் மாத்திரையை விழுங்கிவிட்டு, விளக்கேற்றிச் சுவாமி முன் விழுந்து வணங்குகிறார். சிறிது நேரத்தில் நெஞ்செரிச்சல் எழுகிறது. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்து, நான்காம் வாரம் மாத்திரையைப் பெட்டியில் வைத்து மூடிவிடுகிறார்.

இங்கே குறை மருந்தில் மட்டும் இல்லை. உண்ட முறையிலும் இருக்கிறது. வெறும் வயிற்றில் வெறும் நீருடன் உண்டாலும், இம்மருந்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உடலில் சேரும். காபியுடன் உண்டால் அதிலும் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்துவிடும். மாத்திரை உணவுக்குழாயில் தங்கினாலோ, இரைப்பையிலிருந்து மேலெழுந்து வந்தாலோ அங்கே புண்படுத்தும். ஆகவே ஒரு குவளை நிறைய வெறும் நீருடன் விழுங்க வேண்டும். பின்னர் 30 நிமிடமாவது படுக்காமலும் குனியாமலும் நிமிர்ந்து அமரவோ நடக்கவோ வேண்டும். அதுவரை காபி, பால், உணவு, பிற மாத்திரைகள் எவையும் கூடா. மாதம் ஒருமுறை உண்ணும் ஐபாண்ட்ரோனேட் மாத்திரைக்கு இந்த நேரம் 60 நிமிடம். விழுந்து வணங்குவதை அந்நேரம் கழித்து வைத்துக்கொள்ளலாம். நீரும் அருந்தாமல் விரதம் இருப்போர், விரத நாள் அல்லாத ஒரு கிழமையை மாத்திரைக்கென ஒதுக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை அன்று பிற்பகலுக்குத் தள்ளிவிடுதல் நன்று.

முறையாக உண்டும் எரிச்சல் நீங்காதவர்கள் உண்டு. உணவுக்குழாய் சுருங்கியவர்கள், அரைமணி நேரம் நிமிர்ந்து அமர இயலாதவர்கள் ஆகியோருக்கு இம்மாத்திரை பொருந்தாது. விழுங்கும்போது வலித்தால் அடுத்த மாத்திரையை உண்ணாமல் மருத்துவரைக் காண வேண்டும். இவர்களுக்கு வயிற்றைத் தொடாத வழி ஒன்று உண்டு. அது ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழியே ஏற்றப்படும் சோலெட்ரோனிக் அமிலம். முதல் முறை ஏற்றிய பின் காய்ச்சலும் உடல்வலியும் சிலருக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும். பாராசிட்டமாலில் அது தணியும். அடுத்த ஆண்டு பெரும்பாலும் குறைந்துவிடும். ஆயினும் சிறுநீரகம் நன்கு இயங்காதவர்களுக்கு இது ஆகாது. ஏற்றுமுன் சிறுநீரகச் செயல்பாடு, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

முதியோரை மிகவும் அச்சுறுத்தும் செய்திகள் இரண்டு. ஒன்று, தாடை எலும்பு ஆறாமல் அழுகுதல். மற்றொன்று, பல ஆண்டுகள் மருந்து உண்டபின் தொடை எலும்பு இயல்புக்கு மாறாக முறிதல். இரண்டும் உண்மையே, ஆனால் எலும்புப்புரைக்குத் தரும் அளவில் இரண்டும் மிக அரிது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் மருந்து தொடங்குமுன்பே முடித்துக்கொள்வதும், பல் மருத்துவரிடம் இம்மருந்தைப் பற்றிக் கூறுவதும் முதலாவதைத் தவிர்க்க உதவும். தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ காரணமின்றி வலி நீடித்தால், அதை மூட்டுவலி என்று தைலம் தேய்த்து நாள் கடத்தாமல் காட்ட வேண்டும்.

தராசின் மறுதட்டையும் பார்ப்போம். முன்பே முதுகெலும்பு முறிந்திருந்த பெண்களிடம் செய்து 1996இல் வெளியான பெரிய ஆய்வில், மூன்றாண்டில் புதிதாக முதுகெலும்பு முறிந்தவர்கள் மருந்து பெறாதோரில் நூற்றுக்கு 15 பேர். அலெண்ட்ரோனேட் உண்டோரில் 8 பேர். காக்கப்பட்ட அந்த ஏழு பேரையும் அரிதினும் அரிதான ஆபத்தையும் சேர்த்தே எடை போட வேண்டும். மேலும், இம்மாத்திரையை வாழ்நாள் முழுவதும் உண்ண வேண்டும் என்பதில்லை. ஐந்தாண்டு மாத்திரைக்குப் பின், அல்லது மூன்றாண்டு ஊசிக்குப் பின், முறிவு அபாயம் குறைந்தவர்களுக்கு மருத்துவர்கள் ஓய்வு தருவதுண்டு. மருந்து எலும்பில் தங்கியிருப்பதால் அதன் பயன் உடனே அற்றுப்போவதில்லை.

ஆனால் ஒரு மருந்துக்கு இவ்விதி பொருந்தவே பொருந்தாது. அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலின் கீழ் போடப்படும் டெனோசுமாப் 60 மில்லிகிராம் ஊசி. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் கண்காணிப்புடன் இது தரப்படுகிறது. வயிற்றுக்கும் தொல்லையில்லை. எனினும் உரிய நாளில் போடாமல் விட்டால், பெற்ற எலும்பு வலிமை விரைவில் கரையும்; சிலருக்கு முதுகெலும்புகள் பல அடுத்தடுத்து முறிந்ததும் உண்டு. கொட்டச்சேட்டுப் பாட்டி இந்த ஊசிக்காக 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்க வேண்டியிருக்கலாம். மழைக்காலத்தில் அது எளிதன்று. குளிரில் காக்க வேண்டிய இம்மருந்து எங்கே கிடைக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை யார் அழைத்துச் செல்வார், செலவு தாங்குமா என்று பிள்ளைகளுடன் கலந்து பேசிய பின்னரே இதனைத் தொடங்குவது நன்று. நிறுத்த நேர்ந்தால் வேறொரு மருந்தை அதன் இடத்தில் தொடர்வது கட்டாயம்.

வேறு வழிகளும் உள்ளன. ராலாக்சிபீன் மாத்திரை முதுகெலும்பைக் காக்கும். இடுப்பெலும்பு முறிவைக் குறைப்பதாக நிறுவப்படவில்லை. காலில் இரத்தம் உறைந்த வரலாறு உடையவர்களுக்கு ஆகாது. டெரிபாரடைட் புது எலும்பை வளர்க்கும் நாள்தோறும் போடும் ஊசி, தலைசுற்றல், கால் பிடிப்பு தரலாம், விலை மிகுதி, வழக்கமாக இரண்டாண்டுக்கு மேல் தருவதில்லை, முடித்த பின் வேறு மருந்தால் அப்பயனைக் காக்க வேண்டும்.

“பிரண்டை போதாதா?” என்று கேட்பவர் பலர். வச்சிரவல்லி என்னும் பெயர் பெற்ற பிரண்டை நம் சித்த மருத்துவத்தில் முறிந்த எலும்பைக் கூட்டுவதற்குரியது. சிராத்த உணவில் அதன் துவையல் முந்நூறு காய்கறிகளுக்கு ஈடு என்பதும் மரபு. புளி சேர்த்து நன்கு வதக்கி உண்பதில் தடையில்லை. ஆனால் எலும்புப்புரையில் முறிவைத் தடுக்கும் என்று பெரிய ஆய்வுகளால் அது நிறுவப்படவில்லை. ஆகவே மருந்தின் அருகில் வைக்கலாம். மருந்தின் இடத்தில் வைக்கலாகாது. உணவும் அவ்வாறே. நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நம் மலைகளில் விளையும் கேழ்வரகு 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. பாலும் தயிரும் எள்ளும் மீதியை நிரப்பும். மூடுபனி மிகுந்த ஊரில் வெயில் குறைவாதலால் வைட்டமின் டி அளவைப் பார்ப்பது நன்று. 60,000 அலகு வைட்டமின் டி வாரம் ஒன்று என்று தந்தால், அதனை நாள்தோறும் உண்டுவிடக் கூடாது. அளவு மீறினால் இரத்தத்தில் சுண்ணாம்பு ஏறி வேறு துன்பம் வரும்.

மருந்து எதுவாயினும், விழாமல் இருப்பதே முதல் காப்பு. எண்ணெய் சிந்திய விளக்கு மேடை, அபிஷேக நீர் ஓடும் கருங்கல் தரை, பாசி படிந்த குளத்துப் படி ஆகிய மூன்று இடங்களிலும் துணையோடு நடங்கள். முதுகெலும்பு மெலிந்தவர்கள் இடுப்பை மடித்து ஆழக் குனிவதும், அங்கப் பிரதட்சிணம் செய்வதும் வேண்டா. முன்குனியும் பயிற்சி செய்த எலும்புப்புரை நோயாளிகளுக்கு முதுகெலும்பு முறிவு மிகுந்ததை 1984இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வு காட்டியது. சேர்வராயன் மலைக் குகைக் கோயில் போன்ற இடங்களில் தலை தாழ்த்த வேண்டியிருந்தால் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். நின்றபடி கைகூப்பினாலும் வணக்கம் வணக்கமே.

அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது, மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். “இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை ஐயா; உண்ட முறை இது; வேறு வழி உண்டா?” என்று தயங்காமல் கேளுங்கள். உடன் வரும் மகனோ மருமகளோ மறுமொழியைக் குறித்துக்கொள்ளட்டும். வீட்டு நாட்காட்டியில் பிரதோஷத்தையும் ஏகாதசியையும் குறிப்பது போல மாத்திரை நாளையும் ஊசி நாளையும் குறித்து வையுங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்தை மாற்றுவதில் குற்றமில்லை. ஒருவருக்கும் தெரியாமல் பெட்டியில் மூடி வைப்பதே ஆபத்து.