கூத்து நம்முடையது, கொட்டகை யாருடையது?

மில் மூடிய கதை மும்பைத் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பரேல், லால்பாக் வட்டாரத்தில் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாக அணைந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் அந்த மில்களைத் தொழிலாளி தொடங்கவில்லை. முதலாளி தொடங்கினார், முதலாளி மூடினார். தொடங்கியவரே வெளியே நிற்க, வேறொருவர் வந்து கதவைச் சாத்திய கதை ஒன்று அமெரிக்காவில் நடந்திருக்கிறது. வீடியோ கேமை வைத்து நாடகம் போட்ட ஒரு கம்பெனியின் கதை அது.

டெக்ஸாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் இயங்கிய 'ரூஸ்டர் டீத்' என்ற அந்தக் கம்பெனியை மூடப் போவதாக, அதன் உரிமையாளரான 'வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி' 2024 மார்ச்சில் அறிவித்தது. ஓராண்டு முடிவதற்குள், 2025 பிப்ரவரியில், கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பர்னி பர்ன்ஸ் அதன் பெயரையும் சில தொடர்களையும் விலை கொடுத்து வாங்கினார். தாம் வைத்த பெயரைத் தாமே காசு கொடுத்து மீட்க வேண்டியதாயிற்று.

இதில் நமக்கென்ன என்று வாசகர்கள் கேட்கலாம். தாதரிலிருந்து கல்யாண் போகும் ரயிலில் ஏறிப் பார்த்தால் போதும். இளைஞர்களில் பலர் செல்போனில் ஏதோ ஓர் ஆட்டம் ஆடிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் சிலருக்கு ஆடுவது மட்டும் போதவில்லை. அந்த ஆட்டத்தையும் ஆடுகிறவர்களையும் வைத்துக் கதை எழுதி, நண்பர்களைக் கொண்டே நடித்து, இன்டர்நெட்டில் தொடராக வெளியிட வேண்டும் என்று ஆசை. தாராவியிலும் செம்பூரிலும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த ஆசை உண்டு. தகப்பனார் அதைக் கேட்டுக் கோபப்படுகிறார், அல்லது சிரித்துவிட்டுப் போகிறார். இரண்டும் வேண்டாம். இந்தத் தொழிலின் கணக்கு வழக்கு என்ன என்று உட்கார்ந்து பார்ப்பதே நல்லது.

பொம்மை அயலாருடையது

2003 ஏப்ரல் 1ஆம் தேதி ரூஸ்டர் டீத் நண்பர்கள் 'ரெட் வெர்சஸ் ப்ளூ' என்ற தொடரின் முதல் பகுதியை வெளியிட்டார்கள். அப்போது யூடியூப் பிறக்கவில்லை. அது வந்தது 2005இல். செட் கிடையாது, உடை கிடையாது, நடிகர் கூலியும் கிடையாது. 'ஹேலோ' என்ற போர் விளையாட்டில் வரும் சிப்பாய் உருவங்களே பாத்திரங்கள். ஆளுக்கு ஓர் உருவத்தை ஆட்டுவித்தார்கள். இன்னொருவரின் திரையில் தெரியும் காட்சியே காமிராப் பார்வை. அதைப் பதிவு செய்து, பிறகு குரல் சேர்த்தார்கள். சுருங்கச் சொன்னால் பொம்மலாட்டம்தான்.

ஆனால் பொம்மை அவர்களுடையது அல்ல, மைக்ரோசாப்டுடையது. கம்பெனி நினைத்திருந்தால் ஒரு வக்கீல் நோட்டீசில் ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தொடரைப் பார்த்தவர்கள் விளையாட்டையும் வாங்கினால் கம்பெனிக்கு லாபம்தானே! 2004இல் வந்த 'ஹேலோ 2' விளையாட்டில், பாத்திரம் துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்து நிற்க வசதி செய்து கொடுத்தார்கள். இப்படிப் படம் எடுப்பவர்களுக்கு உதவும் ஏற்பாடு அது. பின்னர் 2007இல், தன் விளையாட்டுக் காட்சிகளை லாப நோக்கமின்றி உபயோகிப்பதற்கான விதிகளை மைக்ரோசாப்ட் எழுத்திலேயே வெளியிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அயலார் பொம்மையை வைத்து ஆடலாம். ஆனால் அயலாரின் தயவு நீடிக்கும் வரைதான் ஆடலாம். எந்த விளையாட்டின் காட்சியை எடுத்தாலும், அந்தக் கம்பெனி எதை அனுமதிக்கிறது, எதை மறுக்கிறது என்று படித்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

ரூஸ்டர் டீத் சந்தா வசூலித்தும், டிவிடி விற்றும் வளர்ந்தது. 2014இல் 'புல்ஸ்கிரீன்' என்ற கம்பெனி அதை வாங்கியது. அங்கிருந்து ஏ.டி. அண்ட் டி. கைக்குப் போயிற்று. 2022இல் நடந்த பெரிய இணைப்பில் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியிடம் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பேரேட்டின் பக்கம் மாறியது. கடைசிப் பேரேட்டில் அது செலவுக் கணக்காகத் தெரிந்தது. கோடு போட்டு அடித்துவிட்டார்கள்.

விற்காத நடிகை

இதே காலத்தில் இன்னொரு வழியில் போனவர் பெலிசியா டே என்ற நடிகை. ஆன்லைன் விளையாட்டு ஒன்றில் மூழ்கிக் கிடந்த தம் அனுபவத்தை வைத்து, சேர்ந்து விளையாடும் ஆறு பேரைப் பற்றி ஒரு கதை எழுதினார். டெலிவிஷனுக்காகத்தான் எழுதினார். அங்கே எடுபடாது என்று தெரிந்ததும், தோழி கிம் ஈவியுடன் சேர்ந்து தாமே படமாக்கினார். 'தி கில்ட்' என்ற அந்தத் தொடர் 2007 ஜூலையில் யூடியூபில் வெளியாயிற்று. ஒவ்வொரு பகுதியும் சில நிமிடங்களே.

முதல் மூன்று பகுதிகளுக்குக் கைக்காசு. அதோடு பணம் தீர்ந்தது. மேற்கொண்டு எடுக்க உதவுங்கள் என்று பார்த்தவர்களிடமே கேட்டார்கள். சிறு தொகைகளாக வந்த நன்கொடையில் முதல் வரிசையின் மீதிப் பகுதிகள் முடிந்தன.

விளம்பரத்துக்குப் பணம் இல்லாதவர்கள் விளம்பரம் செய்த முறையும் கவனிக்கத்தக்கது. ஊர் முழுக்கத் தண்டோரா போடவில்லை. விளையாடுகிறவர்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே மட்டும் போய்ச் சொன்னார்கள். 2009இல் தொடரின் பாத்திரங்களே ஆடிப் பாடும் ஒரு பாட்டுப் படம் வெளியிட்டார்கள். அது தொடரைப் பார்க்காதவர்களிடமும் போய்ச் சேர்ந்தது. பொதுமக்கள் அனைவரையும் பிடிக்க முயன்றிருந்தால் ஒருவரும் அகப்பட்டிருக்க மாட்டார்கள்.

2008இல் மைக்ரோசாப்ட் வந்தது. கூடவே 'ஸ்பிரின்ட்' டெலிபோன் கம்பெனி விளம்பரதாரராக வந்தது. பணம் வாங்கிக்கொண்ட பெலிசியா டே தொடரின் பாத்தியதையைக் கொடுக்கவில்லை. முதலில் திரையிடும் உரிமை மட்டும் அவர்களுக்கு. தொடர் இவருக்கே சொந்தம். ஆறு வரிசைகள் எடுத்து 2013இல் தாமே முடித்து வைத்தார். ஒரு தொழிலாளி தன் கருவியை அடகு வைக்காமல், அதைக் கொண்டு செய்யும் வேலைக்கு மட்டும் கூலி வாங்கியது போன்றது இது. இரண்டு கதைகளுக்கும் உள்ள வித்தியாசம் திறமையில் இல்லை; கையெழுத்திட்ட காகிதத்தில் இருக்கிறது.

மொய்யும் கடன்தான்

மூன்றாவது வழி, படம் எடுக்கு முன்பே பார்ப்பவர்களிடம் பணம் திரட்டுவது. லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த பிரெடி வாங் குழுவினர், வீடியோ கேம் கற்றுத் தரும் பள்ளிக்கூடம் ஒன்றைப் பற்றிய 'வீடியோ கேம் ஹை ஸ்கூல்' தொடருக்காக 2011இல் 'கிக்ஸ்டார்ட்டர்' மூலம் 75,000 டாலர் கேட்டார்கள். கிடைத்தது 2,73,725 டாலர். இரண்டாவது வரிசைக்கு 2013இல் 8 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

நம் நாட்டுக்கு இது புதுமை அல்ல. 1976இல் ஷியாம் பெனகலின் 'மந்தன்' படத்துக்கு குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். 2013இல் வெளிவந்த 'லூசியா' கன்னடப் படமும் ரசிகர்களிடம் திரட்டிய பணத்தில் எடுத்ததே. நம் ஊர் மொய் விருந்தை அறிந்தவர்களுக்கு இதன் தத்துவம் உடனே விளங்கும்.

மொய்யின் இன்னொரு பக்கமும் விளங்க வேண்டும். கிக்ஸ்டார்ட்டரில் கேட்ட தொகை சேராவிட்டால் ஒரு காசும் கைக்கு வராது. சேர்ந்தால் 5 சதவீதம் அவர்களுக்குக் கமிஷன். மேலே சொன்ன 2,73,725 டாலரில் அதுவே சுமார் 13,700 டாலர் ஆகிறது. பணம் வந்து சேர்வதற்கான வங்கிக் கட்டணம் தனி. கொடுத்தவர்களுக்கு அனுப்புவதாகச் சொன்ன பனியனுக்கும் டிவிடிக்கும் தபால் செலவு தனி. எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்ன நாளில் படத்தைக் காட்ட வேண்டும். மொய் எழுதியவர் நோட்டை மறப்பதில்லை.

யூடியூப் கணக்கு

பணம் திரட்டாமல் யூடியூபில் போட்டு விளம்பரத்தில் சம்பாதிக்கலாமே என்பார்கள். அதையும் பார்ப்போம். வழக்கமான நீளப் படங்களின் விளம்பர வருமானத்தில் தயாரித்தவருக்கு 55 சதவீதம், யூடியூபுக்கு 45 சதவீதம். ஆனால் அந்தப் பந்தியில் உட்காரவே தகுதி வேண்டும். 1,000 சந்தாதாரர்கள் சேர வேண்டும். அதோடு 12 மாதத்துக்குள் மொத்தம் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது 'ஷார்ட்ஸ்' துணுக்குகள் 90 நாளில் 1 கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். பகுதி ஒன்று 8 நிமிடம் என்றால், 30,000 முறை ஆரம்பம் முதல் கடைசி வரை பார்க்கப்பட வேண்டும். பாதியில் விட்டுப் போகிறவர்களைச் சேர்த்தால் இன்னும் அதிகம். அதன் பிறகுதான் முதல் ரூபாய். அந்த ரூபாயையும் ஆறு நண்பர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்று நிலையான விலையும் கிடையாது. ஆகவே, முதல் ஆண்டில் இதை வருமானம் என்று எண்ணிக் கடன் வாங்குகிறவர் கஷ்டப்படுவார்.

மிஞ்சுவது விளம்பரதாரர். 2014இல் மும்பையின் டி.வி.எப். குழு வெளியிட்ட 'பர்மனென்ட் ரூம்மேட்ஸ்' தொடர், வீடு தேடித் தரும் ஒரு கம்பெனியின் ஆதரவில்தான் வந்தது. வீடியோ கேமைப் பற்றிய படங்களுக்கு வலிய வந்து பணம் கொடுத்தவர்கள் ரம்மி போன்ற பண ஆட்டங்களை நடத்துகிறவர்கள். அந்தக் கதவை அடைக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அது கூறுகிறது. சம்பளத்தை அந்த ஆட்டத்தில் தொலைத்த குடும்பங்களை அறிந்தவர்கள் இதைக் குறை கூற மாட்டார்கள். அதே சட்டம் 'ஈ-ஸ்போர்ட்ஸ்' எனும் போட்டி விளையாட்டை அங்கீகரிக்கிறது. நேர்மையான தொடருக்கு இடம் இருக்கிறது. எளிதில் வந்த காசுக்குத்தான் இடமில்லை. எந்த ஆட்டத்தின் பெயரைத் திரையில் காட்டச் சொல்லிப் பணம் வருகிறது என்று பிள்ளைகள் ஒருமுறைக்கு இருமுறை விசாரிக்க வேண்டும்.

காகிதத்தில் இருக்கும் உண்மை

நம் நாட்டுச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி சினிமாப் படத்தின் 'ஆக்கியோன்' தயாரிப்பாளரே. டைரக்டர் அல்ல, நடிகர் அல்ல. இன்டர்நெட் தொடருக்கும் இதுவே பொருந்தும். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், படம் அவருக்கே சொந்தமாகும். எழுதிய கதைக்கு உரிமை எழுதியவருடையது; அதையும் அவர் எழுதிக் கொடுத்துவிட்டால் போயிற்று.

ஆகவே ஆறு நண்பர்கள் சேரும் முதல் நாளே, டீ ஆறுவதற்கு முன் ஒரு காகிதம் எழுதுவது அவசியம். கதை யாருடையது? தொடரின் பெயர் யாருடையது? யூடியூப் கணக்கு யாருடைய ஈமெயிலில் இருக்கும், அதன் பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கும்? ஒருவர் விலகினால் அவர் பங்கு என்ன? பணம் வராதவரை இவை அற்பக் கேள்விகள். பணம் வந்த மறுநாள் நட்பை முறிக்கும் கேள்விகளும் இவையே. காப்புரிமை பெறப் பதிவு கட்டாயமில்லை; ஆனால் கதையை 500 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்து வைத்தால் தகராறு வரும்போது சாட்சியாகும்.

கே. பாலசந்தர் சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே சபாக்களுக்கு நாடகம் எழுதினார் என்பது நம் குமாஸ்தாக்கள் பெருமையோடு சொல்லும் செய்தி. பகலில் பைல், மாலையில் ஒத்திகை. மாட்டுங்காவில் ஆபீஸ் விட்டு வந்து வேஷம் கட்டியவர்கள் நம் வாசகர்களிலும் உண்டு. இன்றைய பிள்ளைகள் கேட்பதும் அதே மாலை நேரத்தைத்தான். மேடைக்குப் பதில் செல்போன், ராஜா வேஷத்துக்குப் பதில் விளையாட்டுச் சிப்பாய்.

எனவே மகன் வந்து கேட்டால் வேண்டாம் என்று தடுக்க வேண்டியதில்லை. வேலையை விடாதே, கடன் வாங்காதே, படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று மூன்றைச் சொல்லி அனுப்பலாம். கொட்டகை எப்போதும் அயலாருடையதாகவே இருக்கும். அதற்கு வாடகை கொடுக்கலாம், பங்கும் கொடுக்கலாம். கூத்தின் பாத்தியதையை மட்டும் கொடுத்துவிடக் கூடாது. ஒருமுறை கொடுத்தால் திரும்ப வாங்குவதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்பதை ஆஸ்டின் நகரத்தாரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.