'வெறும் கேஸ்தான்' என்று முடிவு செய்வது யார்?

ராத்திரி பத்தரை மணிக்கு பரோட்டா, சால்னா. பன்னிரண்டு மணிக்கு நடு நெஞ்சில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கிறது. ரூம்மேட்டை எழுப்பினால் என்ன சொல்வார் என்பது தெரிந்ததுதான்: "கேஸா இருக்கும்டா, ஒரு சோடா குடி." வீடாக இருந்தால் ஓமத் தண்ணீர், பெருங்காயம் போட்ட மோர். ஏப்பம் வந்தால் நிம்மதி; வராவிட்டால் "காலைல பாத்துக்கலாம்".

பெரும்பாலான நேரம் அது கேஸாகவே இருந்துவிடுகிறது. சிக்கலே அதில்தான். பத்து தடவை சரியாக இருந்த ஊகத்தைப் பதினோராவது தடவை யாரும் சந்தேகிப்பதில்லை.

இந்தக் குழப்பம் நோயாளியின் தப்பு அல்ல. உணவுக்குழாய் இதயத்துக்குப் பின்னாலேயே இறங்குகிறது. இரண்டின் வலியும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேர்கின்றன. இதயத்தின் அடிச்சுவரோ உதரவிதானத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே ரத்த ஓட்டம் நின்றால் மேல்வயிற்று வலி, குமட்டல், வாந்தி என்று அச்சு அசலாக அஜீரணம் போலவே வரலாம்.

வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது. அமில எதுக்களிப்பு எரிச்சலாகக் கிளம்பி தொண்டை வரை ஏறும், வாய் புளிக்கும், சாப்பிட்டவுடன் படுத்தாலோ குனிந்தாலோ கூடும். இதய வலி பலருக்கு எரிச்சலாக இருக்காது. பாரம் வைத்தது போல, இறுக்கிப் பிடிப்பது போல இருக்கும். தாடை, தோள், இடது கை, முதுகு என்று பரவும். குப்பென வியர்க்கும், மூச்சு வாங்கும். மாடிப்படி ஏறும்போது வந்து, நின்றால் சில நிமிடங்களில் அடங்குகிற வலியையும் கேஸ் கணக்கில் எழுதக் கூடாது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலி பெரிதாகத் தெரியாமல், வெறும் அசதியும் மூச்சுத்திணறலுமாகவும் வரலாம்.

ஆனால், "ஆன்டாசிட் குடிச்சேன், குறைஞ்சிடுச்சு, அப்போ ஹார்ட் இல்லை" என்பது செல்லாத கணக்கு. இதய வலி தானாகவே விட்டு விட்டு வரும்; மருந்து குடித்த நேரமும் வலி தணிந்த நேரமும் தற்செயலாக ஒத்துப்போகலாம். நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரைக்கு வலி குறைந்தாலும் இதே கதைதான். அது உணவுக்குழாய் இறுக்கத்தையும் தளர்த்தும்.

"எனக்கு முப்பத்தி நாலுதானே" என்ற தைரியமும் நம் ஊருக்குப் பொருந்தாது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தெற்காசியத் தரவுகள் 2007-ல் வெளியாயின. முதல் மாரடைப்பின் சராசரி வயது இங்கே 53. மற்ற நாடுகளில் 58-க்கு மேல். 53 என்பது சராசரிதான், முப்பதுகளில் வருபவர்களும் அதற்குள் அடக்கம்.

ஆக, வழக்கத்துக்கு மாறான வலி என்றாலோ வியர்வை, மூச்சுத்திணறல் சேர்ந்தாலோ, கேஸா ஹார்ட்டா என்ற தீர்ப்பு வீட்டில் எழுதப்படக் கூடாது. அதை ஈசிஜி சொல்லட்டும். அதுவும் ஒரே ஈசிஜி அல்ல. முதலில் நார்மலாக வந்து அடுத்ததில் மாறுவதும் உண்டு. அதனால்தான் சில மணி நேரம் வைத்திருந்து ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்கிறார்கள். பைக்கை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரமென்றால் ஆரம்ப சுகாதார நிலையமும் உதவும். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், முதல் டோஸாகத் தரவேண்டிய ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகள் அங்கே இருப்பு வைக்கப்படுகின்றன.

பலரைத் தடுப்பது செலவு மட்டுமல்ல, கூச்சமும்தான். "கேஸுக்குப் போய் எமர்ஜென்சிக்கு ஓடினானாம்" என்று மறுநாள் ஆபீஸில் ஓட்டுவார்களே! இதில் டாக்டர்களுக்கும் பங்கு உண்டு. நள்ளிரவில் வந்தவரிடம் "ஒண்ணுமில்லை, இதுக்கா வந்தீங்க?" என்று சலித்துக்கொண்டால், அவர் அடுத்த முறை வரமாட்டார். "வந்தது நல்லது, திரும்ப வந்தாலும் வாங்க" என்று சொல்ல அரை நிமிடம் போதும்.