உறவினர் வரும்வரை என்று சட்டம் சொல்லவில்லை

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



நோய் தணிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் மனநலக் காப்பக வார்டுகளிலேயே இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டால் வெளியே வாழக்கூடியவர்கள் இவர்கள். ஏன் இன்னும் உள்ளே என்று கேட்டால், “வீட்டிலிருந்து யாரும் வரவில்லை” என்பார்கள்.

வராதவர்களைத் திட்டிப் பயனில்லை. பெற்றோர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். பூர்வீக வீடு கைமாறியிருக்கும். போட்ட கடிதம் திரும்பிவரும். அண்ணன் இருந்தாலும் அவர் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பார். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலிருந்து அத்தை திரும்பி வந்திருக்கும் செய்தி மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தை ஊரே சேர்ந்துதான் வளர்த்தது.

ஆனால் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உறவினருக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, வெளியே வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை உள்ளே வைத்திருக்கக் கூடாது என்கிறது. குழு இல்லங்களை அமைக்கும் பொறுப்பையும் அரசிடமே தருகிறது.

வழி தெரியாத காரியமும் அல்ல. சென்னையில் தொடங்கிய ‘தி பான்யன்’ அமைப்பு 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தை நடத்துகிறது. தெருவில் நான்கு வீடுகளுக்கு நடுவே ஒரு வாடகை வீடு, நான்கைந்து பேர், துணைக்கு ஒரு பணியாளர். வார்டில் மணியடித்தால் டீ. இங்கே எப்போது டீ போடுவது, யார் பால் வாங்கப் போவது, எந்த சீரியல் பார்ப்பது என்பதெல்லாம் அவர்கள் பாடு. சண்டையும் வரும், வரட்டுமே.

இதைப் படித்துவிட்டு, இத்தனை மாதத்தில் இத்தனை பேர் என்று இலக்கு வைத்துவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாகாணத்தில் 2016-இல் அதுதான் நடந்தது. ‘லைஃப் எசிடிமேனி’ மருத்துவமனைகளுடனான ஒப்பந்தத்தைச் செலவைக் காட்டி முறித்தார்கள். சமூகப் பராமரிப்பு என்ற நல்ல பெயரைச் சூட்டி, நோயாளிகளை அவசர அவசரமாக இடம் மாற்றினார்கள். போய்ச் சேர்ந்த 27 தொண்டு இல்லங்களில் ஒன்றுக்கும் செல்லுபடியாகும் உரிமம் இல்லை. குடும்பத்தார் முன்கூட்டியே கதறியும் அதிகாரிகள் கேட்கவில்லை. பசியிலும் கவனிப்பின்மையிலும் 144 பேர் இறந்தார்கள்.

செலவு மிச்சமாகும் என்று நிதித்துறை சொன்னால் நம்பாதீர்கள். ஆள் வெளியே வரும்போது அவருக்கான பணமும் கூடவே வர வேண்டும். வாடகை, பணியாளர் சம்பளம், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தீராத மாத்திரை இருப்பு, ஆதார், குடும்ப அட்டை, உதவித்தொகை எல்லாம் கைக்கு வந்த பிறகே ஒருவர் வார்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். எங்கே, யாரோடு இருக்க விருப்பம் என்று முதலில் அவரைக் கேட்க வேண்டும்.

தனியாள் என்றாலே தயங்கும் வீட்டுக்காரர்கள் இவர்களுக்கு எளிதில் சாவி தரமாட்டார்கள். வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் துறையே கையெழுத்திடட்டும். அடுத்த மானியக் கோரிக்கையில் அதற்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னைவாசி ஒருவர்