எண்ணெயைப் பிரிக்கும் களிமண் சவ்வு: திண்டுக்கல் தோல் ஆலைகளுக்குக் கைகொடுக்குமா?

திண்டுக்கல் என்றதும் பூட்டும் பிரியாணியும் ஞாபகம் வரும். சுற்றுவட்டார விவசாயிகளுக்கு தோல் ஆலைக் கழிவுநீரும் சேர்ந்தே ஞாபகம் வரும். 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்த ஐந்தில் திண்டுக்கல்லும் ஒன்று.

கழிவுநீரில் எண்ணெய் எப்படி வருகிறது?

ஆட்டுத்தோலில் இயல்பாகவே கொழுப்பு உண்டு. அதைச் சோப்பு போன்ற ரசாயனம் போட்டு நீக்குவார்கள். பிறகு தோல் மிருதுவாக எண்ணெய் ஏற்றுவார்கள். இரண்டிலும் மிஞ்சுவது கழிவுநீரில்தான் சேர்கிறது. ஆறு, ஏரியில் விடும் நீரில் எண்ணெய், கிரீஸ் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி.

மேலே மிதப்பதை வழித்தெடுத்தால் போதாதா?

போதாது. சோப்பு கலந்ததும் எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து, பாலில் கொழுப்பு கலந்திருப்பது போல நீரோடு கலந்துவிடும். தொட்டியில் தேக்கி வைத்தாலும் சுலபத்தில் மேலே வராது. அங்கேதான் சவ்வு வேண்டும். துளியைவிடச் சிறிய துளைகள் கொண்ட இந்த வடிகட்டி, தண்ணீரை மட்டும் விட்டு எண்ணெயைத் தடுத்துவிடும்.

விலை எப்படிக் குறைகிறது?

வழக்கமான பீங்கான் சவ்வுக்கு அலுமினா வேண்டும். 1,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட வேண்டும். கயோலின் களிமண் என்றால் சுமார் 1,000 டிகிரிக்குள் வேலை முடியும். குவாஹாட்டி ஐஐடி ஆய்வாளர்கள் இப்படிச் செய்த சவ்வுகளில் எண்ணெய் கலந்த நீரைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. துளைகளை எண்ணெய் அடைத்துக்கொள்ளும். அடிக்கடி கழுவ வேண்டும். பம்புக்கு மின்சாரச் செலவு உண்டு. தேங்கும் எண்ணெய்க் கசடையும் முறையாக அகற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு நீரில் கரைந்துவிடுகிறது. கரைந்த உப்பை இந்தச் சவ்வால் பிடிக்க முடியாது. கிணற்று நீரை உவர்ப்பாக்குவது அந்த உப்புதான்.

உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. வேண்டும். எண்ணெய் பட்டால் ஆர்.ஓ. சவ்வு சீக்கிரம் பாழாகும். ஆக, களிமண் சவ்வின் உண்மையான பயன், செலவு பிடித்த ஆர்.ஓ.வுக்கு முன்காவலாக நிற்பதே. ஆர்.ஓ. ஒழுங்காக ஓடாத இடத்தில், எண்ணெய் போன நீரும் விவசாயிக்கு உப்பு நீர்தான்.