வழக்கில் வென்ற ஆடல்வல்லான்

திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதிய அந்தணராய் வந்து, ஓலை காட்டி வழக்காடி, சுந்தரரை ஆட்கொண்டவர் சிவபெருமான். அடியவருக்காக வழக்காடிய அப்பெருமான், தம் திருமேனிக்காகவும் வழக்காட நேர்ந்தது. அவ்வழக்கு நடந்த இடம் இலண்டன் மாநகர்.

அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், சோழர் காலத்து விசுவநாத சுவாமி ஆலயம் சிதைந்து கிடந்தது. 1976-ஆம் ஆண்டில் அதனருகே மண் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவர், நடராசர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகளைக் கண்டெடுத்தார். அரசிடம் சேர வேண்டிய நடராசர், அற்ப விலைக்குக் கைமாறிக் கடல் கடந்தார்.

1982-இல் கலைப்பொருள் வணிகர் ஒருவர், அத்திருமேனியைக் கனடா நாட்டுப் பம்பர் டெவலப்மென்ட் நிறுவனத்திற்கு 2,50,000 பவுண்டுக்கு விற்றார். அந்நிறுவனத்தின் தலைவர் கலைப்பொருள் சேகரிப்பில் நாட்டமுள்ள செல்வந்தர். சிலை எங்கிருந்து வந்தது என்பதற்கு வணிகர் காட்டிய சான்று பொய்யானது. வாங்கியவரோ அதை மெய்யென்றே நம்பினார். செப்பனிடுவதற்காகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தபோது, காவல்துறை அதனைக் கைப்பற்றியது. விலை கொடுத்தவர் நீதிமன்றத்தை நாடினார்.

எதிரில் உரிமை கோரியோருள் இந்திய அரசும் தமிழ்நாட்டு அரசும் மட்டுமல்ல, பத்தூர்க் கோயிலும் அதன் சிவலிங்கமும் இருந்தன. பூசையின்றிப் பாழடைந்த கோயிலுக்கு வழக்காடும் உரிமை உண்டா என்னும் வினா எழுந்தது. இறைவனுக்கு அளித்த பொருள் என்றும் இறைவனுடையதே. கட்டடம் இடிந்தாலும் அளித்தவரின் அறச்சிந்தை அழிவதில்லை என்பது இந்து அறக்கொடை மரபு. பத்தூரில் கிடைத்த பிற திருமேனிகளோடும் அவ்வூர் மண்ணோடும் நடராசரை வல்லுநர்கள் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். 1988-இல் உயர் நீதிமன்றம் கோயிலுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அவ்வாண்டே ஆடல்வல்லான் தாயகம் திரும்பினார்.

வணிகரின் ஓலை பொய்த்தது. பத்தூர் மண்ணே மெய்யோலையாயிற்று. அறியாமல் வாங்கினாலும் இறைவன் சொத்து வாங்கியவருக்கு உரிமையாகாது.

ஆயினும், ஒவ்வொரு திருமேனிக்கும் மண் சாட்சி சொல்ல வாய்க்காது. ஆதலின் ஆலயம் தொழச் செல்லும் அன்பர்கள், தத்தம் ஊர்க் கோயிலில் எழுந்தருளியுள்ள திருமேனிகள் எத்தனை என்பதை அறிந்திருப்பதும், அவை படங்களோடு பதிவேட்டில் இடம்பெற்றுள்ளனவா எனக் கேட்டறிவதும் சிவத்தொண்டேயாகும்.