சாணமும் சாட்சியமும்

வனவிலங்குகளின் உணவை அறிய அவற்றின் எச்சத்திலுள்ள டி.என்.ஏ.யை வாசித்தாற் போதும் என்றும், காட்டில் அலைந்து நோக்குவோரின் காலம் முடிந்துவிட்டது என்றும் ஒரு கருத்து விலங்கியலாரிடையே வலுப்பெற்று வருகின்றது. இது பாதி உண்மையே.

முறையின் சிறப்பை மறுப்பார் இலர். முன்பு விலங்கைப் பின்தொடர்ந்து, அது கடித்ததைக் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது; அடர்ந்த புதரிலும் இரவிலும் அது இயலாது. சாணத்திற் கிடைத்த மேற்றோற் துணுக்குகளை நுணுக்குக்காட்டியில் ஒப்பிட்டோருக்கோ, முற்றாகச் செரித்துப்போன தளிரும் கனியும் தப்பிவிட்டன. 1992ஆம் ஆண்டிலேயே பழுப்புக் கரடியின் எச்சத்திலிருந்து அது உண்ட தாவரத்தின் டி.என்.ஏ. பிரித்தறியப்பட்டது. பின்னர் பச்சையவுருமணியின் டி.என்.ஏ.யில் மிகக் குறுகியதொரு பகுதி தெரிந்தெடுக்கப்பட்டது. குறுகியதாதலின் அது செரிமானத்திற் சிதையாது எஞ்சுகின்றது. ஆயினும் தாவரத்துக்குத் தாவரம் வேறுபடுகின்றது.

இம்முறையின் ஆதரவாளர் பெரிதும் எடுத்துக்காட்டுவது, கென்யாவின் வறண்ட புல்வெளியில் ஆறு காட்டு விலங்குகளையும் வீட்டு மாட்டையும் ஒப்பிட்டு 2015இல் வெளிவந்த ஆய்வாகும். சமவெளி வரிக்குதிரையின் எச்சத்தில் வாசிக்கப்பட்ட டி.என்.ஏ.யில் 99 சதவீதத்துக்கு மேற்பட்டது புல். டிக்-டிக் என்னும் சிறுமானில் 1 சதவீதமும் இல்லை. அதனினும் வியப்பானது, உடலளவிலும் செரிமான முறையிலும் ஒத்து, ஓரிடத்தே மேய்ந்த புல்லுண்ணிகளும் வெவ்வேறு தாவரங்களை உண்டமையே. புல்மேய்வன யாவும் ஒரே உணவுக்குப் போட்டியிடுகின்றன என்ற பழைய எண்ணம் இதனால் ஆட்டங்கண்டது. மாடும் வரிக்குதிரையும் ஒரே நிலத்தில் மேயும் நாட்டில், யாரை விரட்டுவது என்ற வழக்கிலும் இத்தகைய முடிவு சாட்சியாகக்கூடும்.

ஆனால் ஆதரவாளர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அந்த ஆய்வின் விகிதங்கள் நம்பப்பட்டது, டி.என்.ஏ. கூறியதனால் மட்டுமன்று. அந்நிலப் புற்களும் மரஞ்செடிகளும் காபன் சமதானி விகிதத்தில் வேறுபடுவன. அவ்வழியே தனியாகப் பெற்ற மதிப்பீட்டோடு டி.என்.ஏ. விகிதம் இசைந்தமையே அதற்கு உரம். அந்த இசைவு நிறுவியதும் புல், புல்லல்லாதது என்ற பிரிவை மட்டுமே. ஒவ்வோர் இனமும் இத்தனை சதவீதம் உண்ணப்பட்டது என்று வட்ட வரைபடம் தீட்டுவோருக்கு அது ஆதாரமாகாது. இலை தரும் பச்சையவுருமணிகளைப் பட்டை தராது, எல்லாம் ஒரே வேகத்திற் செரிப்பதுமில்லை, ஆய்வுகூடத்தில் டி.என்.ஏ.யைப் பெருக்கும்போது சில தொடர்கள் பிறவற்றை முந்துகின்றன. வளர்ப்புக் கடல்நாய்களுக்கு அளந்து மீன் ஊட்டிப் பார்த்த ஆய்வாளரே, வாசிப்பு விகிதத்தைத் திருத்திக்கொள்ள வழி தேட வேண்டியதாயிற்று.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. யானை ஒரு மரத்தின் இலையை உண்டால் அது மீளத் தளிர்க்கும். பட்டையைச் சுற்றி உரித்தால் மரம் பட்டுப்போகும். சாணத்திலுள்ள டி.என்.ஏ.க்கு இரண்டும் ஒரே மரத்தின் பெயர்தான். வனக்காவலர் அறிய விரும்புவதோ அந்த வேறுபாட்டையே. ஊனுண்ணிகளிலும் இவ்வாறே: பெரிய மீனின் வயிற்றிலிருந்த சிறுமீனும் கடல்நாயின் உணவுப் பட்டியலிற் சேர்ந்துவிடும், தன்னினத்தைத் தின்ற விலங்கின் குற்றமோ அதன் சொந்த டி.என்.ஏ.யில் மறைந்துபோம்.

இனி, பெயர்தான் எங்கிருந்து வருகின்றது? இயந்திரம் தருவது எழுத்துத் தொடரை மட்டுமே. அந்நிலத்திலேயே அத்தாவரத்தைப் பறித்து, இனங்கண்டு, உலர்த்தி வைத்த தாவரவியலாளர் ஒருவர் இருந்தாலன்றி அத்தொடருக்குப் பெயரில்லை. காட்டில் அலைந்து நோக்குவோரின் காலம் முடிந்தது என்போர், தம் பட்டியலின் ஒவ்வொரு பெயரையும் அவர்களிடமிருந்தே கடன் பெற்றிருக்கின்றனர். இயந்திரத்துக்குப் பணம் ஒதுக்கும் ஆய்வுத்திட்டங்கள், அதனோடு ஒரு தாவரவியலாளருக்கும் யானையின் பின் நடக்கும் ஒருவருக்கும் சம்பளம் ஒதுக்கட்டும்.