ஒரு நாளைக்கு ஒரு டப்பா

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குப் போகும் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றைக் கடந்து மேலே ஏறினால் ஏலத் தோட்டங்கள். அங்கே காய் எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? செடியின் தூரிலிருந்து கிளம்பித் தரையில் படரும் சரத்தில் எல்லாப் பூக்களும் ஒரே நாளில் மலர்வதில்லை. அடியிலிருந்து நுனி நோக்கி ஒவ்வொன்றாக மலர்கின்றன. ஆகவே காய்களும் ஒருசேர முற்றுவதில்லை. தொழிலாளர்கள் முற்றிய காயை மட்டும் எடுத்துக்கொண்டு பிஞ்சை விட்டுவிடுகிறார்கள். சில வாரங்கள் கழித்து அதே செடிக்கு மறுபடியும் வருகிறார்கள். மொத்தச் சரத்தையும் ஒரேயடியாக உருவிவிட்டால் வேலை சுலபம்தான். ஆனால் பாதி பிஞ்சாகப் போய்விடும் அல்லவா?

வீட்டில் சேரும் சில்லறைச் சாமான்களையும் இப்படித்தான் ஒழிக்க வேண்டும் என்பது என் கட்சி.

உங்கள் வீட்டு மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். எழுதாத பேனா, பூட்டில்லாத சாவி, தீர்ந்துபோன டார்ச் செல், பாதி மாத்திரை அட்டை, ரப்பர் பாண்டுகள். இவையெல்லாம் சும்மா கிடப்பதாக நினைக்கிறோம். அதுதான் இல்லை! ஒரு பழைய ரப்பர் பாண்டை எடுங்கள். பிசுபிசுவென்று கையில் ஒட்டும், இழுத்தால் அறுந்துவிடும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்லத் துண்டித்துவிட்டது. சாதாரண டார்ச் செல்லின் உலோகக் கூடு துத்தநாகம். அதுவே செல்லின் எதிர்மின்வாய். மின்சாரம் தரத் தர அது கரைகிறது. செல் தீர்ந்த பிறகும் அரிப்பு நிற்பதில்லை. கூடு ஓட்டையாகி, உள்ளிருக்கும் உப்புக் கரைசல் கசிந்து, டார்ச்சின் ஸ்பிரிங்கையே தின்றுவிடும். ஐப்பசி மழையில் சுவரெல்லாம் ஓதம் காக்கும்போது கேட்கவே வேண்டாம்.

"எல்லாவற்றையும் போகியன்று ஒழித்துவிட்டால் போயிற்று" என்பீர்கள். போகியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஓராண்டுக் குப்பையை ஒரே காலையில் கொட்டும்போது யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? செல்லும் மாத்திரையும் பி.வி.சி. வயரும் ஒரே குவியலில் போய்ச் சேரும். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். டையாக்ஸின் என்ற கொடிய நஞ்சும் உண்டாகலாம். எரியாமல் மிஞ்சியது மழையோடு ஓடைக்குப் போகும். போடியின் ஓடைநீர் கொட்டகுடி ஆற்றுக்கு, கொட்டகுடி வைகைக்கு. அந்த வைகைதான் 1959 இல் திறக்கப்பட்ட அணையில் தேங்கி, மதுரைக்குக் குடிநீராகிறது. நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் நீரில் கலந்தால், அவற்றை எதிர்த்துப் பிழைக்கும் பாக்டீரியாக்கள் பெருக வழி ஏற்படும். பிறகு நோய் வரும்போது அதே மருந்து வேலை செய்யாது.

அதனால் ஒரு நாளைக்கு ஒரு டப்பா போதும். பத்து நிமிடம் செலவழியுங்கள். டப்பாவைச் செய்தித்தாளில் கவிழ்த்து, முற்றியதை மட்டும் எடுங்கள். இரும்பும் பித்தளையும் பழைய இரும்புக் கடைக்கு. தீர்ந்த செல், காலாவதியான மருந்து, குழல் விளக்கு ஆகியவற்றை 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வீட்டு அபாயக் கழிவு என்று தனி இனமாகவே வைத்தன. அவற்றைத் தனியாகக் கட்டி, இன்னதென்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். அவர் வெறுங்கையால் கிளறும்படி விடாதீர்கள்.

பூட்டில்லாத சாவியை ஏன் வைத்திருக்கிறாய் என்று பாட்டியோடு சண்டைக்குப் போக வேண்டாம். அது பிஞ்சு. அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம். (பூட்டு பரணில் கிடந்தாலும் கிடக்கும்!)

டப்பாவில் பாதரச வெப்பமானி இருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். உடையாமல் இருந்தால் உறையோடு தனியே எடுத்து வையுங்கள். உடைந்திருந்தால் கையால் தொடாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு, வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.